டிஸால்வில் ஆள் மாறிய கதாநாயகி

1. கற்பூரம்

மல்லசமுத்திரம் டூரிங் கொட்டகையில் எங்கள் படத்தின் நாலாவது ரீல் ஓடிக்கொண்டிருந்தபோது பெண்கள் பக்கத்தில் யாரோ கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். திரையில் அப்போது சாமி எவரும் இல்லை. புருஷன் பட்டணத்துக்குப் போய்விட்ட ஒரு குடியானவப் பெண் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவள் முகம் மெல்லக் கரைந்து, அதே இடத்தில் பட்டணத்து நாட்டியக்காரி ஒருத்தியின் முகம் மெல்ல எழுந்தது. அதற்குத்தான் கற்பூரம். இப்படி ஒரு காட்சி கரைந்து இன்னொன்று எழுவதை நாங்கள் டிஸால்வ் என்போம்.

அந்தக் காலத்துப் பிலிம் தீப்பெட்டி மருந்தைவிட வேகமாகப் பற்றிக்கொள்ளும். ஆபரேட்டர் மிஷினை அப்படியே ஓடவிட்டு மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் ஓடினார். அவர் பின்னால் நானும் ஓடினேன். நான் அப்போது எடிட்டிங் அசிஸ்டென்ட். தீயை அணைக்கத்தான் போனேன், ஆனால் அங்கே நடந்த பேச்சைக் கேட்டதும் நின்றுவிட்டேன்.

"பத்தினி உருமாறிட்டாடி. கும்புட்டுக்க."

"எதுக்குங்க்கா உருமாறினா?"

"எதுக்கா? புருசன் பொறகாலயே போயி, அவனச் சோதிச்சு, ஊட்டுக்குக் கூட்டியாறதுக்குத்தான்."

வரிசை முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதற்குப் பிறகு நாட்டியக்காரி திரையில் வந்தபோதெல்லாம் ஒரே ஆரவாரம். அவள் கதாநாயகனை மயக்கினால் கைதட்டினார்கள். அவனுடைய மோதிரத்தைக் கழற்றிக்கொண்டால் "அப்படித்தான் போடு" என்றார்கள். ஊரில் அழுதுகொண்டிருந்த மனைவிக்காக ஒருத்திகூடக் கண் கலங்கவில்லை. எதற்குக் கலங்க வேண்டும், அவள்தான் பட்டணத்தில் சௌக்கியமாக ஆடிக்கொண்டிருக்கிறாளே.

இதற்கு முந்தைய ரீலிலேயே இப்படி ஒன்று நடந்திருந்தது. அந்த மனைவியின் கஞ்சத்தனம் பிடித்த மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு வயலைப் பார்ப்பார். பொழுது விடிந்துவிட்டது என்று காட்டுவதற்காக அங்கேயும் ஒரு டிஸால்வ் வைத்திருந்தோம். விடிந்த வயலில் ஒரு எருமை மேய்ந்துகொண்டிருக்கும். மாமனார் கரைந்து எருமை வந்ததும் ஆண்கள் பக்கம் எழுந்து நின்று விசில் அடித்தது. "கெழவனுக்குச் சாபம் உட்டுட்டாங்கடா, நல்லா வேணும்" என்று ஒருவர் துண்டைச் சுழற்றினார். இரண்டு ரீல் கழித்து மாமனார் மறுபடி வந்தபோது, சாபம் தீர்ந்துவிட்டது என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

யாரைக் குறை சொல்வது? அதுவரை எங்கள் ஸ்டூடியோவில் எடுத்ததெல்லாம் புராணப் படம். முனிவர் காக்கையாவார், கிழவர் முருகனாவார், எல்லாம் டிஸால்வில்தான். ஒரு முகம் கரைந்து இன்னொரு முகம் வந்தால் ஆள் உருமாறிவிட்டார் என்று ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே நாங்கள்தான். இப்போது முதல் முதலாக ஒரு சமூகப் படம் எடுத்து, ஆள் மாறவில்லை, இடம்தான் மாறுகிறது என்றால் அவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

2. முந்தானைப் பரீட்சை

இங்கே எங்கள் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணைக்காரர். கடலைக்காய் மண்டியாக இருந்த கட்டிடத்தை ஸ்டூடியோ ஆக்கியவர். மழை பெய்தால் செட்டுக்குள் இன்னமும் கடலைக்காய் வாசனை வரும்.

அவர் படம் பார்க்கிற முறையே தனி. படம் வெளியாவதற்கு முன் போட்டுப் பார்க்கிற டெஸ்ட் ஷோவில் அவருக்கு நாற்காலி திரைக்கு அடியில், ஜனங்களைப் பார்த்தபடி போட வேண்டும். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, பெண்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனை பேர் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள் என்பதுதான் அவருக்குக் கணக்கு. புது நடிகையை மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதையும் இதை வைத்தே தீர்மானிப்பார். எங்களுக்குள் இதற்கு முந்தானைப் பரீட்சை என்று பெயர்.

இந்தத் தடவை பரீட்சைக்கு வந்தவள், அந்த அழுகிற மனைவியாக நடித்த செங்கமலம். ராசிபுரத்துக்காரி, தறிக்காரக் குடும்பம். நாடகக் கம்பெனியில் ஸ்திரீபார்ட்டாக, அதாவது கதாநாயகி வேஷத்தில், நல்ல பெயர் எடுத்திருந்தாள். அந்த வேஷத்தை விட்டுவிட்டு எங்களை நம்பி வந்தாள். கம்பெனியில் அவளுடைய இடத்துக்கு மறு வாரமே வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

மல்லசமுத்திரத்திலிருந்து திரும்பிய மறுநாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். டைரக்டர், செங்கமலம், நான், மூன்று பேரும் போய் நின்றோம்.

"அம்மணி, உங்க மேல எனக்குக் கோவமில்லீங்க. ஆனா ஒரு முந்தானகூட நனையல. கற்பூரம் ஏத்தறாங்க. இப்படி இருந்தா நான் என்னத்தச் சொல்லி உங்கள வெச்சுக்கறது?"

டைரக்டர்தான் பேசினார். அவர் கும்பகோணத்துக்காரர், பம்பாயில் தொழில் பழகியவர். "ஐயா, அது அவ நடிப்போட குத்தமில்லே. டிஸால்வை ஜனங்க தப்பாப் புரிஞ்சுண்டுட்டா."

"ஜனங்க தப்பாப் புரிஞ்சா அது நம்ம தப்புத்தானுங்களே. படம் தம்மம்பட்டியில ஒருக்கா போட்டுப் பாப்பேன். அதுக்குள்ள சரி பண்ணுங்க. அங்கயும் நனையலீன்னா அம்மணிக்கு நான் வழிச்செலவு குடுத்து அனுப்பிப் போடுவேன்."

வெளியே வந்ததும் செங்கமலம் என்னிடம் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அண்ணா, திரும்பிப் போனா என்னையத் தோழி வேசத்துல நிக்க வெப்பாங்க. சாமரம் வீசிக்கிட்டு நிக்கோணும். பேசறதுக்கு ஒரு வரி இருக்காது." அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை.

3. இரண்டு வைத்தியம்

இப்போது எடிட்டிங் பழகும் பிள்ளைகளுக்கு இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். அவர்கள் வீடியோவில் ஒரு பொத்தானை அமுக்கினால் டிஸால்வ் வருகிறது, பிடிக்காவிட்டால் இன்னொரு பொத்தானில் போய்விடுகிறது. எங்களுக்கு டிஸால்வ் கேமராவுக்குள்ளேயே நடக்கும். முதல் ஷாட் முடிகிற இடத்தில் கேமராமேன் ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுவார். லென்ஸை மூடிவிட்டு அதே பிலிமைப் பின்னுக்குச் சுற்றுவார். அடுத்த ஷாட்டை அதன் மேலேயே ஷட்டரைத் திறந்துகொண்டே எடுப்பார். இரண்டும் ஒரே நெகட்டிவில் படிந்துவிடும். அதற்கப்புறம் பாலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கிற கதைதான். திரும்ப எடுக்கலாம் என்றால் நாட்டியக்காரியாக நடித்த பெண் சென்னைக்குப் போய்விட்டாள், அவள் ஆடிய செட்டைப் பிரித்து அந்தப் பலகையில் ராவணன் தர்பார் கட்டிவிட்டார்கள்.

கலந்திருக்கிற துண்டையே வெட்டி எறிந்துவிட்டு நேராக ஒட்டிவிடலாம் என்றார் டைரக்டர். வெட்டினேன், ஒட்டினேன். முதலாளிக்குத் தெரியாமல் ராசிபுரம் கொட்டகையில் போட்டுப் பார்த்தோம். மனைவி அழுதுகொண்டிருக்கிறாள், கண்ணிமைப்பதற்குள் சலங்கைச் சத்தத்தோடு நாட்டியக்காரி ஆடுகிறாள். ஜனங்கள் கத்துவதற்கு முன்னாலேயே ஆபரேட்டர் மிஷினை நிறுத்திவிட்டார். வேறு படத்து ரீலை மாட்டிவிட்டோம் என்று பயந்து ரீல் டப்பாக்களைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இது நம்ம படந்தானுங்க," என்றேன்.

"நம்ம படத்துல அந்தப் புள்ள ஊட்டு வாசல்லதானே நின்னுச்சு?"

"ஆமாங்க. இப்பப் பட்டணங்க."

"பட்டணம்னு யாரு சொன்னா?"

கவிழ்ந்து கிடந்த டப்பாக்களை நானே நிமிர்த்தி அடுக்கினேன்.

இரண்டாவது வைத்தியம் என்னுடையது. அழுகிற முகத்தை இருட்டில் முடித்து, நாட்டியத்தை இருட்டிலிருந்து தொடங்கிவிட்டால் ஒருத்தி இன்னொருத்தியாக மாறினாள் என்று யாரும் நினைக்க முடியாது. புதிதாக ஷூட்டிங் வேண்டியதில்லை. பிரிண்டை எடுத்து அந்த இடத்தைச் சாயத்தில் மெல்ல மெல்ல இறக்கினால் படம் படிப்படியாகக் கறுத்துவிடும். நூலுக்குச் சாயம் போடுகிற வீட்டில் பிறந்தவன் நான், திட்டு விழாமல் செய்து முடித்தேன். எனக்கே என் வேலை பெருமையாக இருந்தது.

மறுபடியும் அதே ராசிபுரம் கொட்டகை. அங்கே ஒரே ஒரு புரொஜெக்டர். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் திரை இருட்டாகும், விளக்கைப் போடுவார்கள், சோடாவும் முறுக்கும் உள்ளே வரும். இத்தனை நாள் அந்தக் கொட்டகைகளோடு புழங்கியும் இது என் புத்தியில் உறைக்கவில்லை. செங்கமலத்தின் முகம் என் சாயத்தில் அழகாக இருண்டது. உடனே விளக்குப் போட்டுவிட்டார்கள். முறுக்குக்காரர் கூடையோடு உள்ளே வந்துவிட்டார். பாதிக் கொட்டகை சோடாவுக்கு எழுந்துபோனது. நாட்டியக்காரி வெளிச்சத்தில் வெளிறிப்போய், யாரும் பார்க்காமல் ஆடி முடித்தாள்.

டைரக்டர் மணலில் உட்கார்ந்து ஒரு முறுக்கு வாங்கித் தின்றார். "நன்னாத்தான் இருக்கு," என்றார். முறுக்கைச் சொன்னாரா சாயத்தைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

4. ஆறு அடி வசனம்

தம்மம்பட்டிக்கு மூன்று நாள்தான் பாக்கி. எடிட்டிங் ரூமில் பழைய டிஸால்வையே திரும்பப் பொருத்தி வைத்துவிட்டு, டைரக்டரும் நானும் உட்கார்ந்திருந்தோம். செங்கமலம் வந்து மூவியோலாவில் தன் ஷாட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். மூவியோலா என்பது ஒரு ஆள் குனிந்து பார்க்கிற சின்ன மிஷின். ஓட்டிக் காட்டினேன்.

"இதுல நான் யார நெனச்சு அழுவறேனுங்க?" என்று கேட்டாள்.

"உன் புருஷனை நெனச்சுத்தான். இதென்ன கேள்வி?" என்றார் டைரக்டர்.

"அது உங்களுக்குத் தெரியுமுங்க. எனக்கும் தெரியும். உக்காந்து பாக்கறவங்களுக்கு யாருங்க சொன்னது? நாடகத்துல அடுத்த சீன் எங்கீனு நான் சொல்லிப்போட்டுத்தான் உள்ளாற போவேன். இங்க சும்மா அழுதுட்டே கரைஞ்சு போறேன்."

டைரக்டர் எழுந்து நின்றுவிட்டார். மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் ஓட்டினேன். மூன்றாவது தடவை கையால் ரீலைப் பிடித்து நிறுத்தி, "இங்கே பாரும் ஓய்," என்று என் தலையைப் பிடித்து மிஷினுக்குள் தள்ளினார். அந்த ஷாட்டில் செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் அழுகிறாள். உதடு தெரியவில்லை. அவள் என்ன பேசினாலும், எப்போது பேசினாலும் அங்கே ஒட்டும். சவுண்டு தனி நெகட்டிவில்தான் இருந்தது. படத்தைத் தொடவே வேண்டாம், குரலை மட்டும் புதிதாகப் பிடித்து அந்த இடத்தில் வைத்தால் போதும்.

அளந்து பார்த்தேன். அவள் முகம் கரையத் தொடங்குவதற்கு முன் ஆறு அடி பிலிம் இருந்தது. நாலு விநாடி.

வசனம் எழுதுகிற வாத்தியாரைக் கூப்பிட்டோம். அவர் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதி, சவுண்டு ரூமில் நின்று தானே படித்துக் காட்டினார். "அந்தோ, பட்டணமெனும் மாய வலையிற் சிக்குண்ட என் பிராணநாதா, பேதையாகிய என்னைத் தனிமையெனும் தீயில் தகிக்க விடுத்து" என்று தொடங்கியது. நான் ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் முடித்தபோது படத்தில் நாட்டியமே முடிந்து, கதாநாயகன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டிருப்பான்.

"வாத்தியாரே, ஆறு அடிக்கு வேணும்," என்றார் டைரக்டர்.

"துக்கத்தை அடிக்கணக்கில் அளக்க நான் ஜவுளிக்கடைக்காரன் இல்லை," என்றார் வாத்தியார்.

செங்கமலம் மெல்லச் சொன்னாள். "அங்க இந்நேரம் என்ன பண்றாரோ. இது போதாதுங்களா?"

வாத்தியார் காதைப் பொத்திக்கொண்டார். பத்தினி கொச்சை பேசக்கூடாது, பேசினால் படத்தில் தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, என்ற ஊட்டுல இப்படித்தானுங்க பேசறாங்க. அவிய பத்தினி இல்லீங்களா?"

வாத்தியார் எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்தார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெற்றிலை போட வெளியே போனவர் அன்று திரும்பி வரவில்லை.

வசனத்தை ஒரே டேக்கில் பிடித்தோம். அந்தத் துண்டைச் சவுண்டு நெகட்டிவில் வைத்து ஒட்டினேன். ஒட்டு விழுந்த இடத்தில் மை பூசி மறைக்காவிட்டால் கொட்டகையில் 'டப்' என்று கேட்கும், அழுகிற பெண்ணின் தலையில் யாரோ குட்டியது போல இருக்கும். பூசியது சரியாக விழுந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் வாழ்க்கையில் எந்த ஒட்டுக்கும் அவ்வளவு பயந்ததில்லை.

எருமையையும் எடுத்துவிடுகிறேன் என்றேன். முதலாளி ஒப்பவில்லை. "அது இருக்கட்டும் கண்ணு. சனங்க சந்தோசப்பட்டாங்க," என்றார்.

5. தம்மம்பட்டி

தம்மம்பட்டிக்குச் செங்கமலமும் வந்தாள். வேண்டாம் என்று டைரக்டர் எவ்வளவோ சொன்னார், அவள் கேட்கவில்லை. சாயம் போன நூல் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, பெண்கள் பக்கத்தில் மணலில் போய் உட்கார்ந்துவிட்டாள். படம் இன்னும் வெளியாகவில்லை, மேக்கப்பும் இல்லை. அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பருத்த அம்மாள் ஒருத்தி, "தள்ளி உக்காரு சாமி" என்று தோளைப் பிடித்து நகர்த்தியதைப் பார்த்தேன். முதலாளி வழக்கம்போலத் திரைக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

மாமனார் எருமை ஆனார். விசில் பறந்தது. இவர்களும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான் என்று டைரக்டர் என் காதில் முணுமுணுத்தார்.

நாலாவது ரீல் வந்தது. வாசலில் செங்கமலம் நிற்கிறாள். முந்தானையை வாயில் பொத்துகிறாள். ஒட்டு சத்தமில்லாமல் தாண்டியது. குரல் மட்டும் வந்தது.

"அங்க இந்நேரம் என்ன பண்றாரோ."

முகம் கரையத் தொடங்கியது. நாட்டியக்காரியின் முகம் எழுந்துகொண்டிருந்தது, சலங்கைச் சத்தமும் கேட்டது. அந்தப் பருத்த அம்மாள்தான் முதலில் பேசினாள், திரையைப் பார்த்து.

"பாத்துக்கடி சாமி, இதத்தான் பண்றான் உன்ற புருசன்."

அவ்வளவுதான். மெத்தையில் சாய்ந்துகொண்டு கதாநாயகன் வந்ததும் பெண்கள் பக்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. கதாநாயகனை அவனுடைய பரம்பரையோடு சேர்த்துத் திட்டினார்கள். நாட்டியக்காரி மோதிரத்தைக் கழற்றியபோது மண்ணை வாரித் தூற்றினார்கள். அடுத்து ஊரில் தனியாக விளக்கேற்றுகிற மனைவியைக் காட்டியதும் ஒவ்வொருத்தியாக முந்தானையை எடுத்தார்கள். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து, நன்றாகத் தெரியட்டும் என்று ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்த்தார். அவர் தலையின் நிழல் திரையில் விழுந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

நான் திரையையே பார்க்கவில்லை. செங்கமலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். அந்தப் பருத்த அம்மாள் தன் கண்ணைத் துடைத்த முந்தானையாலேயே அவள் கண்ணையும் துடைத்து, "அழுவாத கண்ணு, வந்துருவான்" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

படம் முடிந்து ஜனங்கள் கலைந்ததும் முதலாளி எங்களிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "தம்பி, எல்லாரும் நல்லா அழுதாங்க. ஆனா முன்னால ஒரு புள்ள அழுதா பாரு, அவளாட்ட யாரும் அழுவல. பாவம், அவ ஊட்டுலயும் இதே கதையாட்ட இருக்குது."

"அது நம்ம செங்கமலமுங்க," என்றேன்.

முதலாளி நம்பவில்லை. அதற்குள் அவளே வந்து நின்றாள். கண் இன்னும் வீங்கித்தான் இருந்தது.

"ஏனுங்க அம்மணி, கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதானே? நடிச்சதும் நீங்கதானே? நீங்க எதுக்கு அழுதீங்க?"

டெஸ்ட் ஷோவில் சொந்த ஆளை உட்காரவைத்து அழவிட்டோம் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். செங்கமலம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தம்மா எனக்காவ அழுதாங்க. நான் ஆருன்னே அவிங்களுக்குத் தெரியாதுங்க. எனக்காவ இதுக்கு முன்னால யாரும் அழுததில்லீங்க."

முதலாளி மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். புழுக்கமாக இருக்கிறது என்றார். பிறகு டைரக்டரைப் பார்த்து, "அம்மணிக்கு மாசச் சம்பளம் எழுதிருங்க. நாளைக்கே," என்றார். கார் வரைக்கும் போனவர் திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னார். அடுத்து எடுக்கப்போகிற ராவணன் படத்திலும் அந்த வசனத்தை அவள் ஒரு இடத்திலாவது சொல்ல வேண்டுமாம். மண்டோதரியும் சொன்னாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ டிஸால்வ் போட்டுவிட்டேன். கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஒரு முகத்தைக் கரைப்பதற்கு முன்னால் அந்த முகம் யாரை நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது கொட்டகையின் கடைசி வரிசை வரை தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால், அங்கே போய்ப் பார்ப்பதற்கு நம்மைவிட அவர்களே அவசரப்படுவார்கள். தம்மம்பட்டியில் அன்று அந்தப் பருத்த அம்மாள் டிஸால்வ் முடிகிற வரை காத்திருக்கவில்லை. முகம் பாதி கரையும்போதே பட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்து, அவனைத் திட்ட வாயைத் திறந்துவிட்டாள்.